பீரங்கிப் படைத் தாத்தாவைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

மகளை இங்கிலாந்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டப்பா, அதற்குள் அவருடைய கொள்ளுத்தாத்தா, தாத்தா இருவரின் பதக்கங்கள், கடித உறைகள், நாலைந்து புகைப்படங்கள். "அப்பா, எண்ணும் எழுத்துமா என்னமோ இருக்கு, உங்களுக்குத்தான் இந்த மாதிரி வேலை பிடிக்குமே" என்று மகள் என் தலையில் கட்டிவிட்டாள். கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போர், தாத்தா இரண்டாவது, இரண்டு பேருமே பீரங்கிப் படை. தெரிந்துகொள்ள மூன்று வருஷம் ஆனது.

அப்புறம் சம்பந்தி வீட்டாரின் உறவுக்காரர்கள், பரங்கிமலைப் பக்கத்து ஆங்கிலோ இந்திய நண்பர்கள், வெள்ளைக்கார மருமகளோ மருமகனோ உள்ள என் வயதுக்காரர்கள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டால் எனக்கும் தொண்டை வலிக்காது.

தாத்தா ராயல் ஆர்ட்டிலரி ரெஜிமென்ட்ல இருந்தார்னு தெரியுமே, அது போதாதா?

போதாது. "ரயில்வேயில் வேலை பார்த்தார்" என்பது போலத்தான் அது. எந்த ஊர், என்ன வேலை, எந்தக் காலம், எதுவும் அதில் இல்லை. பிரிட்டிஷ் பீரங்கிப் படை முழுவதுக்கும் ஒரே பெயர் ராயல் ரெஜிமென்ட் ஆஃப் ஆர்ட்டிலரி. பிரான்சில் இருந்தவரும் பர்மாவில் இருந்தவரும் லண்டனில் விமானத்தைச் சுட்டவரும் எல்லாரும் அதில்தான். அவர்களுடைய இலச்சினை வாசகமே 'உபிக்கே', லத்தீனில் "எங்கும்" என்று பொருள். தேடுகிற நமக்கு அது எரிச்சலூட்டும் வாசகம்.

உங்களுக்கு வேண்டியது நான்கு விஷயம்: எண், அந்த எண்ணுக்குப் பின்னால் வரும் வகைச்சொல், வருஷம், பேட்டரி. இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் வேறு யாரோ ஒருவரின் தாத்தாவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பேட்டரி, பிரிகேட், ரெஜிமென்ட்... எது பெரிசு எது சிறிசு?

இதில்தான் முக்கால்வாசிப் பேர் விழுகிறார்கள். பேட்டரி என்பது சில பீரங்கிகளும் அவற்றைச் சார்ந்த ஆட்களும் சேர்ந்த பிரிவு, மேஜரோ கேப்டனோ தலைவர். சிப்பாய்க்கு அதுதான் வீடு. சாப்பாடு, தூக்கம், அஞ்சல் எல்லாம் அங்கேதான். சில பேட்டரிகள் சேர்ந்தால் லெஃப்டினன்ட் கர்னல் தலைமையில் ஒரு பெரிய பிரிவு. முதல் உலகப் போரில் அதற்குப் பெயர் பிரிகேட். 1938இல் அதே பிரிவின் பெயரை ரெஜிமென்ட் என்று மாற்றினார்கள்.

ஆக, 1916ஆம் வருஷக் காகிதத்தில் பிரிகேட் என்று இருந்தால் காலாட்படை பிரிகேடு மாதிரி சில ஆயிரம் பேர் என்று நினைக்காதீர்கள், சில நூறு பேர்தான். 1942ஆம் வருஷக் காகிதத்தில் ரெஜிமென்ட் என்று இருந்தால் அது மேலே சொன்ன முழுப் பீரங்கிப் படை அல்ல, அதற்குள் ஒரு துண்டு. ரெஜிமென்டுக்குள் நூற்றுக்கணக்கில் ரெஜிமென்ட்! பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆர்.எஃப்.ஏ., ஆர்.எச்.ஏ., ஆர்.ஜி.ஏ. மூணும் ஒண்ணுதானா?

முதல் உலகப் போர்க் காலத்தில் மூன்றும் வேறு. ஆர்.எஃப்.ஏ. என்றால் ஃபீல்ட் ஆர்ட்டிலரி. குதிரை இழுக்கும் 18 பவுண்டர் (18 பவுண்டு எடைக் குண்டு சுடும்) பீரங்கியும் 4.5 அங்குல ஹௌவிட்சரும் (குண்டை உயரமாக வளைத்து வீசும் பீரங்கி) அவர்களுடையவை. காலாட்படைக்குப் பின்னாலேயே நிற்பார்கள், ஆள் எண்ணிக்கையும் இவர்களே அதிகம். ஆர்.எச்.ஏ. என்றால் ஹார்ஸ் ஆர்ட்டிலரி, குதிரைப்படையோடு சேர்ந்து ஓடும் பிரிவு. ஆர்.ஜி.ஏ. என்றால் கேரிசன் ஆர்ட்டிலரி, கனரகம்: கடற்கரைக் கோட்டைப் பீரங்கி, மலைப் பீரங்கி, 60 பவுண்டர், பெரிய முற்றுகை ஹௌவிட்சர்கள்.

1899இல் பிரித்தார்கள், 1924இல் மறுபடி ஒன்றாக்கினார்கள். எனவே இரண்டாம் உலகப் போர்க் காகிதத்தில் ஆர்.எஃப்.ஏ. என்று யாராவது எழுதியிருந்தால் அது பழக்கதோஷம். ஆர்.எச்.ஏ. என்ற பெயர் மட்டும் இன்றுவரை தொடர்கிறது.

கொள்ளுத்தாத்தா வெறும் 'டிரைவர்'னு போட்டிருக்கு. லாரி ஓட்டினாரா?

லாரி இல்லை, குதிரை. ஒரு பீரங்கியை ஆறு குதிரைகள் ஜோடி ஜோடியாக இழுக்கும். ஒவ்வொரு ஜோடியிலும் இடப்பக்கக் குதிரையின் மேல் ஒரு டிரைவர் உட்கார்ந்து இரண்டையும் ஓட்டுவார், ஆக ஒரு பீரங்கிக்கு மூன்று டிரைவர். குண்டு விழுகிற இடத்துக்குள் ஓட்டிப் போய்ப் பீரங்கியை மாட்டி இழுத்து வருவது இவர்கள் வேலை. 1914 ஆகஸ்ட் 26, லெ காட்டோ சண்டையில் 37வது ஹௌவிட்சர் பேட்டரியின் பீரங்கியை அப்படி மீட்டதற்காக லூக், டிரெய்ன் என்ற இரண்டு டிரைவர்களுக்கு பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. "வெறும்" என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

கன்னர் என்றால் சாதாரண சிப்பாய், காலாட்படையின் பிரைவேட்டுக்குச் சமம். பாம்பர்டியர் அதற்கு மேலே. முதல் உலகப் போரில் பாம்பர்டியருக்குக் கையில் ஒரு பட்டை, அவருக்கு மேல் கார்ப்பரல். 1920இல் பீரங்கிப் படையில் கார்ப்பரலை எடுத்துவிட்டார்கள், பாம்பர்டியருக்கு இரண்டு பட்டை வந்தது. புகைப்படத்துக்கு வருஷம் குறிக்க இது உதவும்.

பதக்க விளிம்புல ஆர்.ஏ.ன்னு மட்டும் வெட்டியிருக்கே, எந்தப் பிரிவுன்னு எப்படித் தெரியும்?

பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெற்றிப் பதக்கம் இரண்டிலும் மூன்று பிரிவுக்காரர்களுக்கும் ஆர்.ஏ. (ராயல் ஆர்ட்டிலரி) என்றே பொறித்தார்கள். 1914-15 நட்சத்திரம் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள், அதில் ஆர்.எஃப்.ஏ. அல்லது ஆர்.ஜி.ஏ. என்று தெளிவாக இருக்கும். பேட்டரி எண் எந்தப் பதக்கத்திலும் இருக்காது, யாருக்கு என்ன பதக்கம் என்று அலுவலகத்தில் குறித்த பதக்க அட்டையிலும் பெரும்பாலும் இருக்காது.

இரண்டாம் உலகப் போர் நட்சத்திரங்களை பிரிட்டன் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. அதனால் மாப்பிள்ளையின் தாத்தாவுடைய நான்கு பதக்கங்களும் ஆராய்ச்சிக்குக் கிட்டத்தட்டப் பயனில்லை, பார்க்க அழகு.

சீருடைப் படத்தை வச்சுக் கண்டுபிடிக்கலாமா?

தொப்பியில் இருப்பது பீரங்கி படம், அது எல்லாருக்கும் ஒன்று. தோள்பட்டையில் பித்தளை எழுத்து தெரிந்தால் அதிர்ஷ்டம், ஆர்.எஃப்.ஏ.வா ஆர்.ஜி.ஏ.வா என்று அங்கேயே தெரியும். அந்த எழுத்துக்கு மேலே ஒரு 'டி' இருந்தால் டெரிடோரியல், அதாவது போருக்கு முன்பே ஊரில் பகுதிநேரமாகப் பயிற்சி எடுத்த படை. வலது காலில் மட்டும் கனமான தோல் கவசம் இருந்தால் அவர் டிரைவர். இரண்டு குதிரைக்கும் நடுவே ஆடும் மரத்தண்டு காலை நசுக்காமலிருக்க அது.

'சி சாய்கோடு 173' அப்படின்னா?

173வது பிரிகேடின் சி பேட்டரி. முதல் உலகப் போரில் புதிதாகத் திரட்டிய ஃபீல்ட் பிரிகேடுகளில் பேட்டரிகளுக்கு எண் இல்லை, ஏ, பி, சி, டி என்று எழுத்துதான். அதனால் சி பேட்டரி என்று மட்டும் தெரிந்தால் ஒன்றும் தெரியாத மாதிரிதான், அந்தப் பெயரில் எத்தனையோ உண்டு. பழைய நிரந்தரப் படையின் பேட்டரிகளுக்கோ எண் உண்டு, மேலே சொன்ன 37 மாதிரி. ஆர்.எச்.ஏ.வில் மறுபடி எழுத்து: 1914 செப்டம்பர் 1 அன்று நெரியில் சண்டையிட்ட எல் பேட்டரி மாதிரி. ஆனால் இங்கே எழுத்து பேட்டரியின் சொந்தப் பெயர், பிரிகேடுக்குள் வரும் வரிசை எழுத்து அல்ல.

1916 மே மாதத்துக்குப் பிறகு டி பேட்டரி என்றால் பெரும்பாலும் ஹௌவிட்சர், ஏ, பி, சி மூன்றும் 18 பவுண்டர்.

எண்ணே இல்ல, சி-எல்-எக்ஸ்-எக்ஸ்-ஐ-ஐ-ஐன்னு ரயில் வண்டி மாதிரி எழுத்து இருக்கு.

ரோமன் எண். சி நூறு, எல் ஐம்பது, எக்ஸ் பத்து, ஐ ஒன்று. கூட்டுங்கள், 173. பிரிகேட் எண்ணை ரோமனில் எழுதுவது அப்போது வழக்கம். முதல் எழுத்தான சி-யைப் பார்த்து சி பேட்டரி என்று எடுத்துக்கொண்டவர்கள் எனக்குத் தெரிந்தே மூன்று பேர்.

173வது பிரிகேட் 36வது அல்ஸ்டர் டிவிஷன்ல இருந்ததாம். அப்போ அவர் அயர்லாந்துக்காரரா?

அவசரப்படாதீர்கள். டிவிஷன் என்பது காலாட்படையும் பீரங்கியும் சேர்ந்த பெரிய படைப்பிரிவு. அல்ஸ்டர் டிவிஷனின் காலாட்படை அயர்லாந்துக்காரர்கள். ஆனால் அதன் பீரங்கிப் பிரிகேடுகளை லண்டன் பக்கத்தில் திரட்டினார்கள், குரோய்டன், வெஸ்ட் ஹாம் பகுதிகளில். மாப்பிள்ளையின் கொள்ளுத்தாத்தா அதில்தான் இருந்தார். வீட்டில் அயர்லாந்து ரத்தம் என்று இரண்டு தலைமுறையாகப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் அதைக் கெடுத்தேன், சம்பந்தியம்மா இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

1915லயும் 1917லயும் ஒரே பேட்டரி பேர் இருந்தா ஒரே ஆட்கள்தானே?

இதுதான் முதல் உலகப் போரில் எனக்குப் பிடித்த சிக்கல். 1916 மே மாதம் ஹௌவிட்சர் பிரிகேடுகளைக் கலைத்து, அவற்றின் பேட்டரிகளை மற்ற பிரிகேடுகளுக்கு டி பேட்டரியாகப் பங்கிட்டார்கள். 1916 கடைசியிலும் 1917 தொடக்கத்திலும் நாலு பீரங்கி பேட்டரிகளை ஆறு பீரங்கி ஆக்கினார்கள், அதற்காகச் சில பேட்டரிகளை உடைத்துப் பாதி இங்கே பாதி அங்கே சேர்த்தார்கள். டிவிஷனுக்கு நாலாக இருந்த பிரிகேட் இரண்டானது, மிஞ்சியவை டிவிஷன் எதையும் சேராமல் தேவைப்பட்ட இடத்துக்கெல்லாம் போகும் ஆர்மி ஃபீல்ட் பிரிகேடுகள் ஆயின.

ஆகவே ஒரு தேதியில் கிடைத்த முகவரியை வைத்து முன்னும் பின்னும் நூல் பிடித்த மாதிரி இழுக்கக் கூடாது. ஒவ்வொரு தேதிக்கும் தனியாக ஆதாரம் வேண்டும்.

'1/1வது நார்தம்பிரியன் பிரிகேட்'. இதென்ன பின்னமா?

பின்னம் இல்லை. அது டெரிடோரியல் படையின் முதலாவது நார்தம்பிரியன் பிரிகேட். போர் வந்ததும் அதே பெயரில் இரண்டாவது வரிசை ஒன்று எழுப்பினார்கள். முதல் வரிசைக்கு 1 சாய்கோடு, இரண்டாவதுக்கு 2 சாய்கோடு. 1916 மே மாதத்தில் இந்த ஊர்ப்பெயர்களை எடுத்துவிட்டு எண் கொடுத்தார்கள், 1/1வது நார்தம்பிரியன் 250வது பிரிகேட் ஆனது. இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

ஆர்.ஜி.ஏ. சீஜ் பேட்டரின்னு தெரியும், எண்ணும் தெரியும். ஆனா போர் நாட்குறிப்பு கிடைக்கலையே?

போர் நாட்குறிப்புகள், அதாவது ஒவ்வொரு பிரிவும் நாள்தோறும் எழுதி வைத்த பதிவுகள், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, முதல் உலகப் போருக்கு டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசை. எல்லா சீஜ் (முற்றுகை) பேட்டரிகளுக்கும் தனி நாட்குறிப்பு மிஞ்சவில்லை. அப்போது அந்த பேட்டரி எந்த ஹெவி ஆர்ட்டிலரி குரூப்பின் (கனரக பேட்டரிகளின் தொகுப்பு) கீழ் இருந்தது என்று பார்த்து, அந்தக் குரூப்பின் நாட்குறிப்பைத் திறக்க வேண்டும். தொல்லை என்னவென்றால் பேட்டரி ஒரு குரூப்பில் நிலைத்து நிற்காது, சில வாரத்துக்கு ஒருமுறை கூட மாறும். போரின் கடைசி வருஷத்தில் இந்தக் குரூப்புகளே ஆர்.ஜி.ஏ. பிரிகேட் என்று பெயர் மாறின.

ஃபீல்ட் ஆர்ட்டிலரிக்கு இந்தத் தலைவலி குறைவு. பிரிகேட் தெரிந்தால் டிவிஷன் தெரியும், டிவிஷனுக்குக் கீழே நாட்குறிப்பு இருக்கும்.

எழுத்து ஏ, பி, சி, டி இல்ல. எக்ஸ்/36ன்னு இருக்கு. இன்னொரு இடத்துல டி.ஏ.சி.

எக்ஸ், ஒய், இசட் என்றால் அகழிப் போருக்கான நடுத்தர மோர்ட்டார் பேட்டரிகள், வி என்றால் கனரக மோர்ட்டார். கோட்டுக்குப் பின்னால் வரும் 36 இங்கே பிரிகேட் எண் அல்ல, டிவிஷன் எண். டி.ஏ.சி. என்பது டிவிஷனின் குண்டு வண்டி வரிசை, இரவெல்லாம் குண்டு சுமந்து பேட்டரிகளுக்குக் கொண்டு போகிறவர்கள். புது ஆட்களை முதலில் அங்கே போட்டுப் பிறகு பேட்டரிக்கு அனுப்புவது வழக்கம், எனவே டி.ஏ.சி. என்று பார்த்ததும் அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

சேவைப் பதிவேடு இல்லைன்னு வருது. வேற வழி?

1940 செப்டம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பதிவேடுகள் பாதிக்கு மேல் எரிந்துபோயின. மிஞ்சியவற்றின் ஓரங்களில் கருகல் இன்றும் தெரியும். இல்லை என்றால் 1918ஆம் வருஷத்து வெளியூர் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். ஊரில் இல்லாத சிப்பாய்கள் வாக்களிக்க வேண்டும் என்பதற்காகப் படை எண், பிரிவு எல்லாம் அதில் போட்டார்கள். எனக்கு சி/173 கிடைத்தது அங்கேதான். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவில் பல சமயம் பேட்டரி வரை இருக்கும். நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறையும் அவர்கள் பராமரிப்பதுதான்.

படை எண்ணும் பேசும். 1917இல் டெரிடோரியல்களுக்கு ஆறு இலக்க எண் கொடுத்தார்கள், அதனால் ஒருவருக்கே இரண்டு எண் இருக்கலாம், பயப்பட வேண்டாம். எண்ணுக்கு முன் 'எல்' இருந்தால் ஊர்க்காரர்களே திரட்டிய ஃபீல்ட் பிரிகேடில் 1915 வாக்கில் சேர்ந்தவர். இரண்டாம் போரில் 721001 முதல் 1842000 வரை பீரங்கிப் படைக்கு ஒதுக்கிய எண்கள். எட்டு இலக்கத்தில் 142 என்று தொடங்கினால் அவர் 1942 ஜூலைக்குப் பிறகு பொதுப் படையில் (புது ஆட்களை முதலில் சேர்க்கும் பிரிவு) சேர்ந்து பீரங்கிக்கு வந்தவராக இருக்கக்கூடும்.

இரண்டாம் உலகப் போர்ல தாத்தா 65வது ரெஜிமென்ட். இப்பவாவது தெளிவா இருக்கா?

இல்லை. என் ஆறு மாசத்தை விழுங்கியது இதே எண்தான். 65வது ஃபீல்ட் ரெஜிமென்ட் உண்டு, லண்டன்காரர்கள். 65வது மீடியம் உண்டு, ஸ்காட்லாந்து மலைநாட்டவர்கள். 65வது டாங்கி எதிர்ப்பு ரெஜிமென்ட் உண்டு, நார்ஃபோக் யோமன்ரி. 65வது கனரக விமான எதிர்ப்பு ரெஜிமென்டும் உண்டு, மான்செஸ்டர். ஒவ்வொரு வகைக்கும் எண் தனித்தனியாகத் தொடங்கும். நான் 65வது ஃபீல்டைப் பிடித்துக்கொண்டு 56வது டிவிஷனோடு இத்தாலி முழுக்க நடந்தேன், குறிப்பேடு நிறைய எழுதினேன், வரைபடம் கூடப் போட்டேன். தாத்தாவோ 1944இல் டாங்கி எதிர்ப்புப் பிரிவில், 7வது கவச டிவிஷனோடு நார்மண்டியில் இருந்திருக்கிறார்.

எண்ணுக்குப் பின்னால் வரும் அந்தச் சொல்லை, ஃபீல்ட், மீடியம், ஆன்ட்டி டாங்க், எல்.ஏ.ஏ. (இலகுரக விமான எதிர்ப்பு), எச்.ஏ.ஏ. (கனரக விமான எதிர்ப்பு), கோஸ்ட், சர்ச்லைட், சர்வே, எது இருக்கிறதோ அதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். வணிகக் கப்பல்களில் பீரங்கி பிடித்த மாரிடைம் பிரிவும் பீரங்கிப் படைதான், கடற்படை இல்லை.

நடுவுல 'யோமன்ரி'ன்னு வருதே, அது குதிரைப்படை இல்லையா?

ஒரு காலத்தில் குதிரைப்படைதான். பிறகு பீரங்கியாக மாற்றினார்கள், பழைய பெயரை விட மனசில்லாமல் ஒட்டவைத்துக்கொண்டார்கள். 86வது ஃபீல்ட் ரெஜிமென்ட் ஹார்ட்ஃபோர்ட்ஷைர் யோமன்ரி, 147வது எசெக்ஸ் யோமன்ரி. இரண்டுமே 1944 ஜூன் 6 அன்று கோல்ட் கடற்கரையில் இறங்கியவை. அந்தப் பெயர் எண்ணை விட உதவும், ஏனென்றால் யோமன்ரிகள் தங்கள் வரலாற்றை எழுதி வைத்தவர்கள். காலாட்படை பட்டாலியன்கள் பீரங்கிக்கு மாறிய கதையும் இப்படித்தான்.

கடிதத்துல 'ஈ ட்ரூப்' மட்டும் இருக்கு. பேட்டரி தெரியலை.

வருஷம் சொல்லுங்கள், நான் சொல்கிறேன். 25 பவுண்டர் வைத்திருந்த ஃபீல்ட் ரெஜிமென்டில் 24 பீரங்கி. போர் நடுப்பகுதியிலிருந்து எட்டெட்டாக மூன்று பேட்டரி, பேட்டரிக்கு நாலு பீரங்கி கொண்ட இரண்டு ட்ரூப். எழுத்து ரெஜிமென்ட் முழுக்கத் தொடரும்: ஏ, பி முதல் பேட்டரி, சி, டி இரண்டாவது, ஈ, எஃப் மூன்றாவது. 86வது ரெஜிமென்டின் பேட்டரிகள் 341, 342, 462. ஈ ட்ரூப் என்றால் கடைசியில் சேர்ந்த 462ஆக இருக்க வேண்டும்.

ஆனால் 1940இல் பன்னிரண்டு பீரங்கியாக இரண்டே பேட்டரி, பேட்டரிக்கு மூன்று ட்ரூப். அப்போது ஈ ட்ரூப் இரண்டாவது பேட்டரியில் வரும்.

பாட்டி விமான எதிர்ப்பு பேட்டரில இருந்தாங்கன்னு சொல்வாங்க. பெண்களை எடுத்தாங்களா?

எடுத்தார்கள். 1941 முதல் கனரக விமான எதிர்ப்பு ரெஜிமென்டுகளில் கலப்புப் பிரிவுகள் வந்தன, பெயரில் 'மிக்ஸ்ட்' என்றோ 'எம்' என்றோ இருக்கும். தூரம் அளப்பது, குறியைக் கணக்கிடும் கருவி, ரேடார் எல்லாம் பெண்கள் பார்த்தார்கள், பீரங்கியைச் சுடுவது மட்டும் ஆண்கள் என்று விதி. சர்ச்சிலின் மகள் மேரி கூட இப்படியொரு பேட்டரியில் இருந்தவர். பாட்டி ஏ.டி.எஸ். என்ற பெண்கள் படையைச் சேர்ந்தவர், அதனால் அவருடைய பதிவேட்டை அந்தப் பெயரில் தேடுங்கள், நாட்குறிப்பை மட்டும் பீரங்கிப் படையில்.

சேவைப் பதிவேடு வந்துடுச்சு, ஆனா டி.ஓ.எஸ்., எஸ்.ஓ.எஸ்., எக்ஸ் இரண்டு... உடம்பு சரியில்லாம போச்சா?

டி.ஓ.எஸ். என்றால் அந்தப் பிரிவின் கணக்கில் சேர்த்த தேதி, எஸ்.ஓ.எஸ். கணக்கிலிருந்து எடுத்த தேதி. அபாயச் செய்தி ஒன்றுமில்லை. எக்ஸ் இரண்டு பட்டியல் மருத்துவமனைக்குப் போனவர்களுக்கு, அங்கே மட்டும் நீங்கள் நினைத்தது சரி. எக்ஸ் நான்கு என்றால் இன்னும் பிரிவு ஒதுக்காமல் காத்திருக்கும் புது ஆள். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் உள்ள காலத்துக்கு மட்டும் அந்த ரெஜிமென்டின் நாட்குறிப்பைப் படித்தால் போதும். நார்மண்டி, ஜெர்மனி என்றால் டபிள்யூ.ஓ. 171, இத்தாலி 170, மத்திய கிழக்கு 169, பர்மா 172.

தாத்தா சிங்கப்பூர்ல ஜப்பான்காரங்ககிட்ட மாட்டினவர். நாட்குறிப்பு இருக்குமா?

1942 பிப்ரவரி 15 அன்று சரணடைந்தபோது காகிதங்களில் பெரும்பகுதி போய்விட்டது. சில ரெஜிமென்டுகளுக்கு, பிறகு நினைவிலிருந்து எழுதிய அறிக்கைகள்தான் உண்டு. ஆனால் கைதிகளுக்கு ஜப்பானியர் எழுதிய அட்டைகள் டபிள்யூ.ஓ. 345 வரிசையில் இருக்கின்றன, விடுதலையானபோது நிரப்பிய கேள்வித்தாள்கள் 344இல். ஜப்பானியர் கைதிகளைக் கொண்டு போட்ட சயாம் ரயில் பாதையில் இறந்த கன்னருக்கு காஞ்சனபுரியில் பெயரோடு கல் இருக்கும். அதே பாதையில் மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் செத்தார்கள், அவர்களில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, அட்டையும் இல்லை. இந்தத் தேடலில் நான் ஒரு வாரம் எதையும் திறக்காமல் இருந்தது இந்த இடத்தில்தான்.

எல்லாம் கண்டுபிடிச்சு நாட்குறிப்பையும் படிச்சுட்டேன், தாத்தா பேரே இல்லையே!

இருக்காது. நாட்குறிப்பில் அதிகாரிகளுக்குத்தான் பெயர், மற்றவர்கள் எண்ணிக்கை. "ஓ.ஆர். 2 காயம்" என்று ஒரு வரி இருக்கும், ஓ.ஆர். என்றால் அதிகாரி அல்லாதவர். பதிவேட்டில் அவர் மருத்துவமனைக்குப் போன தேதியும் அந்த வரியின் தேதியும் ஒத்துப்போகிறதா பாருங்கள். எங்கள் விஷயத்தில் ஒத்துப்போனது. அந்த இரண்டு பேரில் ஒருவர் மாப்பிள்ளையின் தாத்தா. இன்னொருவர் யாரென்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.